தாத்தா விட்டுப்போன மத்தும் செம்பும்: தோட்டத்தில் மாடு கறந்த காலம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பழைய வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் சாமான்களுக்கு நடுவே நான்கு பொருள் கிடைத்தன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தலைப்பக்கம் செதுக்கிய நீளக் கட்டை, கழுத்து குறுகிய பித்தளைச் செம்பு, இரண்டு முழம் நார்க்கயிறு, உள்ளே அளவுத்தாள் வைத்த கண்ணாடிக் குழாய். "தாத்தா மாடு வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியும். இவை எதற்கு? இந்தத் தொழில் எப்படி வந்தது, ஏன் நின்றது?" என்பது அவர் கேள்வி. கால்நடை இலாகாவின் பால் நிலையத்தில் சில காலம் வேலை பார்த்தவன், மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கயிற்றிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கறவையே அங்கேதான் தொடங்குகிறது. அது அணைகயிறு. கறக்கும்போது மாட்டின் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்கு. உதைக்கிற மாட்டுக்கு மட்டும் இல்லை, நல்ல மாட்டுக்கும் போடுவார்கள். ஈ கடித்தால் எந்த மாடும் காலை உதறும், செம்பு கவிழ்ந்தால் அன்றைய வரும்படி போச்சு. இதற்குக் கூடவே இன்னொரு கயிறு இருந்திருக்கும், கன்றுக்குட்டியைத் தாயின் முன்னங்காலோடு கட்ட.

நம் ஆட்கள் வளர்த்தது திமில் உள்ள இந்திய மாடு. கப்பலில் வந்த பல இந்திய இனங்கள் இங்கே கலந்து உருவான வகைக்குக் கால்நடை இலாகா பிற்காலத்தில் எல்.ஐ.டி. என்று பெயர் வைத்தது. உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்று பொருள். இந்த மாடு கன்று இல்லாமல் பால் விடாது. மடியில் பால் இருக்கும், ஆனால் இறங்காது. கன்று வாய் வைத்து முட்டினால்தான் மூளையடியில் உள்ள சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலந்து, மடிக்குள் உள்ள நுண்ணறைகளைச் சுருக்கிப் பாலைக் காம்புக்குத் தள்ளும். அந்த வேகம் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதனால்தான் நல்ல கறவைக்காரர் பேச்சுக் கொடுக்காமல் மளமளவென்று கறந்து முடிப்பார். மாடு பயந்தாலோ, புது ஆள் வந்து உட்கார்ந்தாலோ பாலை அடக்கிக்கொள்ளும்.

கன்று செத்துப்போனால்? அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, தாய் நக்கும்படி முன்னால் நிறுத்துவார்கள். இங்கே வைக்கோலுக்குப் பதில் காய்ந்த லாலாங் புல்லும் போயிருக்கிறது. பார்க்கக் கொடுமையாகத்தான் இருக்கும், ஆனால் மாடு வற்றிப்போகாமல் காப்பாற்ற வேறு வழி அவர்களிடம் இல்லை. இந்த விஷயம் நேற்று வந்ததும் இல்லை. இன்றைய ஈராக்கில், 'ஊர்' என்ற பெயர் கொண்ட பழைய நகரத்துக்கு அருகே அல் உபைதில் கிடைத்த கோயில் சிற்பப் பட்டையில் பால் கறக்கும் காட்சி இருக்கிறது. 4,500 ஆண்டுப் பழையது. அதில் கறப்பவர் மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், கன்று முன்னால் நிற்கிறது. பக்கத்திலேயே ஒருவர் பெரிய ஜாடியை ஆட்டி வெண்ணெய் எடுக்கிறார்.

அடுத்தது செம்பு. கழுத்து குறுகலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கறப்பவர் குந்தி உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கு நடுவே செம்பை இறுக்கிக்கொள்வார், இரண்டு கையும் காம்பில். வாய் அகலமாக இருந்தால் மாட்டின் வால் அடித்துத் தூசியும் சாணமும் விழும், நடந்தால் தளும்பும். முதல் பீச்சு வெறும் செம்பில் விழும்போது கணீரென்று கேட்கும், பாதி நிறைந்ததும் சத்தம் மங்கிப்போய் நுரைக்குள் பால் இறங்கும் புஸ் புஸ் மட்டும் கேட்கும். இருட்டில் எவ்வளவு கறந்தாயிற்று என்று அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். அந்த நுரைதான் தெருச்சண்டைக்கும் மூலம். நுரையோடு அளந்தால் வாங்குபவருக்கு நஷ்டம், நுரை அடங்கும்வரை காத்திருந்தால் விற்பவருக்கு நேரம் போய்விடும். அந்தக் கால அளவு குப்பாக், அதில் கால் பாகம் பாவ். ஒரு கந்தாங்குக்கு நான்கு குப்பாக், கந்தாங் என்பது ஆங்கிலேயர் அளவில் ஒரு கேலன். தமிழ்நாட்டில் படி, ஆழாக்கு என்று பழகிய கை இங்கே வந்து குப்பாக்குக்கு மாறியது.

சரி, இப்போது கட்டை. அது மத்து. கேள்வி கேட்ட தம்பி அதன் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். நடுவில் சுற்றிலும் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் அது கயிறு சுற்றிக் கடைந்த பெரிய மத்து. பள்ளம் இல்லை என்றால் உள்ளங்கையில் வைத்து உருட்டும் சிறு மத்து, அதில் பருப்பும் கடையலாம். பெரிய மத்துக்கு ஒரு தூண் வேண்டும். தூணில் இரண்டு வளையம் கட்டி அதில் மத்தைச் செங்குத்தாக மாட்டி, தண்டில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். தலை ஒரு பக்கமாகவே சுற்றாமல் முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருக்கும். தயிர் மோதிக்கொள்ள, அதிலிருக்கும் கொழுப்பு மணிகளின் மேல்படலம் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அவ்வளவுதான் வெண்ணெய்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் பாலிலிருந்து நேராக ஆடை எடுத்து வெண்ணெய் செய்தார்கள், நாம்தான் அந்த முறை தெரியாமல் தயிராக்கிக் கடைந்தோம் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி இல்லை. பால் அசையாமல் அகலத் தட்டில் அரைநாளுக்கு மேல் நின்றால்தான் ஆடை நன்றாக மேலே மிதந்து வரும். ஐரோப்பாவில் கல்தரை போட்ட குளிர்ந்த அறையில் அது நடக்கும். அந்த ஆடையைத்தான் அவர்கள் இடிகட்டைத் தொட்டியிலும் மரப்பீப்பாயிலும் போட்டுக் கடைந்தார்கள். நம் வெயிலில் பச்சைப்பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும், ஆடைக்காகக் காத்திருக்க முடியாது. ஆகவே காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றி, நல்ல புளிப்பைத் தானே வரவழைத்து, கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் தயிராக்கினார்கள். கொழுப்பு முழுக்கத் தயிருக்குள் சிக்கியிருக்கும். அதை மத்துதான் வெளியே எடுக்கும். எடுத்த வெண்ணெயும் நிற்காது என்பதால் உருக்கி நெய்யாக்கினார்கள். தண்ணீர்ச் சத்து போய்விட்டால் கிருமி வளர வழியில்லை. எல்லாமே வெயிலைச் சமாளிக்கும் ஏற்பாடு.

விடிவதற்கு முன் கடைவதும் இதனால்தான். வெண்ணெய் திரளச் சுமார் 15 டிகிரி செல்சியஸ்தான் சரியான சூடு; நம் தோட்டத்தில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரி இருக்கும். கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கடைவார்கள். நேரம் போய் வெயில் ஏறிவிட்டால் வெண்ணெய் எண்ணெய்போல் இளகிக் கையில் ஒட்டும், உருட்ட வராது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்ச்சியும் இருள் பிரியும் வேளையில்தான் கடைகிறாள். அவள் மத்தின் ஒலி புலியின் குரலாகக் கேட்கிறது. மோரைத் தலையில் சுமந்துபோய்த் தானியத்துக்கு மாற்றுகிறாள், நெய்க்குப் பொன் கொடுத்தால் வாங்காமல் எருமையும் பசுவும் கேட்கிறாள். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய பால் வியாபாரம் இது. இதே கட்டைதான் கப்பலேறி மலாயாவுக்கு வந்தது.

நான்காவது பொருளில்தான் எனக்குச் சந்தேகம். உள்ளே அளவுத்தாள் வைத்த கண்ணாடிக் குழாய் என்றால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டராக இருக்கலாம். ஆனால் தோட்டத்து வீடு என்பதால் ரப்பர் பாலுக்கான மெட்ரோலாக்காகவும் இருக்கலாம். ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, மரம் சீவும் வெட்டுக்காரர் கொண்டுவந்த ரப்பர் பாலில் எவ்வளவு ரப்பர் தேறும் என்று கணக்கெழுதுவார். இரண்டும் மிதவைதான், ஆனால் வேலை நேர்மாறு. மாட்டுப்பால் தண்ணீரைவிடக் கனம், அதனால் நல்ல பாலில் மிதவை உயர்ந்து நிற்கும். ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு, கெட்டிப் பாலில் மிதவை தாழும். ஆகவே கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஒரு உயரமான தம்ளரில் வெறும் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள். தண்டு அநேகமாக முழுகி மேல்கோடு தண்ணீர் மட்டத்துக்கு வந்தால் லாக்டோமீட்டர். தண்டின் பெரும்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் மெட்ரோலாக்.

லாக்டோமீட்டராக இருந்தால் அதற்கு ஒரு கதை உண்டு. தண்ணீர் கலக்காத பால் 28க்கும் 32க்கும் இடையே காட்ட வேண்டும். அதாவது தண்ணீரைப் போல 1.028 முதல் 1.032 மடங்கு கனம். ஆனால் பழைய கருவிகள் 60 டிகிரி பாரன்ஹீட் சூட்டுக்கு அளவிட்டவை. நம் ஊர்ப் பால் 84 டிகிரியில் இருக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.1 கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டரைப் புள்ளி. இது தெரியாமல் படித்தால் நல்ல பாலும் தண்ணீர்ப் பாலாகத் தெரியும். போதாததற்கு, கறந்த சூட்டோடு அளந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருப்பதால் இன்னும் குறைவாகக் காட்டும். காலையில் வாசலில் வைத்து அளந்துவிட்டுப் பால்காரரைத் திட்டிய வீடுகள் எத்தனையோ! இன்னொரு பக்கம், ஆடையை எடுத்துவிட்டால் பால் கனமாகும், பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் மீண்டும் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். இதைத் தெரிந்து செய்தவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்கத்தான் கொழுப்பைத் தனியே அளக்கும் முறைகள் வந்தன. அமெரிக்காவில் பேப்காக் 1890-ல் கொண்டுவந்தது ஒன்று, அடுத்த வருஷமே சுவிட்சர்லாந்தில் கெர்பர் கொண்டுவந்தது இன்னொன்று. நான் வேலை பார்த்த நிலையத்தில் கெர்பர் குழாய்தான். அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை: பாலும் ஆல்கஹாலும் சம அளவு ஊற்றிக் குலுக்குவோம். திப்பித் திப்பியாகத் திரிந்தால் அந்தக் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவோம். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை அது.

அப்புறம் இந்தத் தொழில் எப்படி நடந்தது என்ற கேள்வி. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ஊரான கோலாகங்சாருக்கு 1877-ல் ரப்பர் கன்றுகள் வந்தன. அதன்பின் தோட்டங்கள் பெருகி நம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். மாடு வைத்தவர் யாரும் பால்காரராக வரவில்லை. வெட்டுக்காரர், புல்வெட்டுக்காரர், வண்டிக்காரர். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன் கறந்து, மத்தியானம் வேலை முடிந்து வந்து மறுபடி கறந்து, சாயந்திரம் புல் அறுத்தார்கள். டவுனில் பெரிய அளவில் எருமை வைத்துப் பால் விற்றதில் சீக்கியர்களின் பங்கு அதிகம். எருமைப்பாலில் கொழுப்பு சுமார் ஏழு சதவீதம், பசுவில் நாலு, நாலரை. டீக்கடைக்காரர் எதை விரும்புவார் என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து மாடு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கொடுத்தாலே நல்ல மாடு. தீனிக்குத் தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, சீனர் கடையிலிருந்து தவ்ஹூ (சோயாக்கட்டி) செய்து மிஞ்சிய சக்கை.

பால் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சைக்கிள்தான் தீர்மானித்தது. ஐந்து மணிக்குக் கறந்தது ஒன்பது மணிக்குள் யாராவது ஒருவர் அடுப்பில் ஏறியாக வேண்டும். போத்தலில் ஊற்றி, வாய்க்குக் கிழித்த பேப்பரையோ வாழை இலையையோ சுருட்டி அடைத்துக்கொண்டு கிளம்புவார்கள். மத்து முதலில் ஓய்ந்தது இங்கேதான் என்பது என் எண்ணம். மாடு இருந்தது, பால் இருந்தது, ஆனால் டவுன்காரர் பாலாகவே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். மிஞ்சினால்தானே தயிர், கடைந்தால்தானே நெய்? நெய்யும் வெண்ணெயும் டின்னில் கப்பலேறி வந்து கடைத் தட்டில் உட்கார்ந்தன. வீட்டில் மத்தைத் தூணில் மாட்டியவர்கள் விசேஷத்துக்கு மட்டும் மாட்டினார்கள், பிறகு பரணில் ஏற்றினார்கள்.

டின் என்றதும் டின்பாலைச் சொல்லாமல் முடியாது. அமெரிக்காவில் கெய்ல் போர்டன் 1856-ல் காப்புரிமை வாங்கிய கெட்டிப்பால், வெயில் நாட்டுக்கென்றே பிறந்த சரக்கு. நெஸ்லேயின் மலாயா வரலாறு 1912-ல் பினாங்கில் தொடங்குகிறது. சர்க்கரை போட்டது, கெடாது, அடுப்பில் ஏற்ற வேண்டாம். தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைக்கும். காலி டின்னும் வீணாகாது, அரிசி அளக்கும், கயிறு கட்டிக் காப்பி வாங்கிவரும். ஆனால் தாய்மார் அதைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்ததுதான் வினை. அதில் இனிப்பு அதிகம், சத்து குறைவு. சிங்கப்பூரில் வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் அங்கே ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதில் இதைக் கொடுக்கத் தூண்டுவது குழந்தைகளைக் கொல்வதற்குச் சமம் என்று நேராகவே சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் டின்பால் வரத்தே நின்றுபோனது. மாடு வைத்திருந்த வீட்டுக்கு அப்போது தனி மதிப்பு. ஆனால் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆம்பிளைகளைப் பிடித்துப் போன வீடுகளில் மாட்டைப் பார்க்க ஆளில்லை.

அடுத்து, கம்யூனிஸ்ட்டுகளை எதிர்த்து ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம். 1948 ஜூன் 16-ல் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்ட எல்பில் தோட்டம் நம் சுங்கை சிப்புட்டேதான். அதன்பிறகு பல தோட்டங்களில் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள், இரவு ஊரடங்கு வந்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று கடைக்காரர் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம். விடிவதற்கு முன் கறந்து சைக்கிள் மிதிக்கும் தொழிலுக்கு ஊரடங்கும் வேலி வாசலில் நடக்கும் சோதனையும் எவ்வளவு இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். மாட்டை வெளியே மேய விடுவதும் நேரம் பார்த்துத்தான்.

அதையும் தாண்டி மாடு பிழைத்தது. 1970-களில் கால்நடை இலாகா பால் சேகரிப்பு நிலையங்களைத் திறந்தது. அலுமினியக் கேனில் கொண்டுவந்தால் சோதித்து, 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து, லாரியில் ஏற்றி அனுப்பினோம். சாஹிவால், பிரீசியன் என்ற இரண்டு கறவை இனங்கள் கலந்த மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தன. பிறகு இங்கேயே மாஃப்ரிவால் என்ற கலப்பினம் உருவானது. பழைய மாட்டைவிட இரண்டு மூன்று மடங்கு பால். கன்று இல்லாமலும் பல மாடுகள் பால் விட்டன, அணைகயிறும் கன்றுக் கயிறும் அங்கே தேவையற்றுப் போயின. கறவை இயந்திரம் வந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த இயந்திரமும் ரப்பரால்தான் நடமாடியது. ஆரம்பத்தில் வந்த இயந்திரங்கள் விடாமல் உறிஞ்சிக் காம்பைப் புண்ணாக்கின. உறிஞ்சலை விட்டு விட்டுக் கொடுக்கும் அமைப்பை ஆஸ்திரேலியாவின் கில்லீஸ் 1900-களின் தொடக்கத்தில் சீர்செய்த பிறகுதான் அது நிலைத்தது. காம்பைச் சுற்றும் மெல்லிய ரப்பர் உறை விரிந்து சுருங்குவதில்தான் அதன் சூட்சுமமே இருக்கிறது. கன்றின் வாய் செய்வதையே அது செய்ய முயல்கிறது.

அப்படியானால் ஏன் நின்றது? மாட்டால் இல்லை, நிலத்தால். ரப்பரை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டபோது இளஞ்செடியை மாடு மேய்ந்துவிடும் என்று நிர்வாகங்கள் மாட்டை வெளியேற்றச் சொல்லின. பல தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோயின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தை விட்டு டவுன் அடுக்குமாடிக்குப் போன குடும்பம் மாட்டை எங்கே கட்டும்? பிள்ளைகளும் சாணி அள்ள வரவில்லை, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மிச்சமிருக்கிற பண்ணைகளுக்குத் தைப்பூசத்துக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் நல்ல வியாபாரம், பால்குடத்துக்குப் பசும்பால்தான் வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கிறார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாடு உள்ள வீட்டைத் தேடிப்போக வேண்டிய காலம் இது.

கடைசியாக, தம்பி அந்தச் சாமான்களைப் புழங்க ஆசைப்படுகிறாரா என்று தெரியவில்லை. மத்தைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவி நிழலில் காயவைத்தால் இன்னும் கடையலாம். பிளவு இருந்தால் வேண்டாம், அதற்குள் தயிர் தங்கிப் பூசணம் பிடிக்கும். செம்பின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஈயம் பூசியது. மஞ்சளாகத் தெரிந்தால் பூச்சு போய்விட்டது, அதில் தயிரோ மோரோ வைக்கக் கூடாது, புளிப்புப் பட்டுப் பித்தளையில் உள்ள தாமிரம் கரைந்து களிம்பேறும். ஈயம் பூசத் தெரிந்தவர் கிடைத்தால் பழைய ஈயத்தைச் சுரண்டிவிட்டு, காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசச் சொல்லுங்கள்.